பேசியவர்கள் பெயர்

(செஞ்சியில் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சனிக்கிழமை என்றால் ஒரு ஆசிரியருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். வாரம் முழுக்கத் தள்ளிப்போட்ட வீட்டு வேலை எல்லாம் அன்றைக்குத்தான். அதை விட்டுவிட்டு மேல்மலையனூர், வல்லம், அவலூர்பேட்டைப் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற பயத்தோடுதான் பேசத் தொடங்குகிறேன்.

‘வகுப்பறை மேலாண்மையும் கற்பித்தல் முறைகளும்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். முதலில் பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்க வேண்டும், அப்புறம் பாடம் நடத்த வேண்டும் என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு வருடம் சாக்பீஸ் பிடித்த பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. ஒழுங்கு பாடத்துக்கு முன்னால் வருவதில்லை. பாடம் சரியாக இருந்தால் அதன் பின்னாலேயே வருகிறது. இதைத்தான் இன்று கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

ஒரு கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பாடத் தலைப்பு. ஓரத்தில் தேதி, பதிவு, வருகை. அதற்குக் கீழே, ஆசிரியர் ஆபீஸ் ரூமுக்குப் போன பத்து நிமிடத்தில் லீடர் எழுதிய ஒரு வார்த்தை: ‘பேசியவர்கள்’. அதன் கீழே ஐந்தாறு பெயர். ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னொரு பெயருக்கு மூன்று. இந்த அரங்கில் இருக்கிற எல்லோருமே அந்தப் பட்டியலில் இருந்திருப்போம், இல்லாவிட்டால் அதை எழுதியிருப்போம். பிறகு ஆசிரியராகி, எழுதச் சொல்லியும் இருக்கிறோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். ஈராசிரியர் பள்ளி. ஒன்றும் இரண்டும் தலைமையாசிரியரிடம். மூன்று, நான்கு, ஐந்து என்னிடம். ஒரே அறை, 46 பிள்ளைகள். மூன்றாம் வகுப்புக்குப் பார்த்து எழுதக் கொடுத்துவிட்டு, நான்காம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு எட்டு போட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்பு லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தால் போர்டில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயர், மூன்று பெருக்கல் குறியோடு. நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. மணி அடிக்கும் வரை நிற்க வைத்தேன்.

சாயங்காலம் நோட்டு திருத்தும்போது அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பையனின் நோட்டு வந்தது. ஒரு மாதமாக அவன் ஒரே தப்பைச் செய்துகொண்டிருந்தான். 52லிருந்து 27 போனால் 35 என்று எழுதுவான். இரண்டில் ஏழு போகாது என்று தெரிந்தவுடன் ஏழில் இரண்டைக் கழித்துவிடுவான். நான் போர்டில் பத்துத் தடவை போட்டுக் காட்டியும் மாறவில்லை. அன்றைக்கு எட்டுக் கணக்கும் சரி. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டமும் வட்டமும் வரைந்திருந்தான். மறுநாள் கேட்டேன். “அவதான் சார் சொன்னா” என்றான். “எப்போ?” “நேத்து நீங்க அவள நிக்க வெச்சீங்களே, அதுக்கு முன்னாடி.”

அவளைக் கூப்பிட்டு, எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். பயந்துகொண்டே சொன்னாள். “உங்கம்மாகிட்ட அஞ்சு பத்து ரூபா நோட்டும் ரெண்டு ஒத்த ரூபாயும் இருக்குது. கடக்காரருக்கு இருவத்தேழு குடுக்கணும். ஏழு ரூபா சில்லற இல்ல. இன்னா பண்ணுவன்னு கேட்டேன் சார். ஒரு பத்த மாத்துவேன்னான். அப்ப மாத்துடான்னேன்.” கட்டம் நோட்டு, வட்டம் சில்லறை. ஒரு மாதம் என்னால் முடியாததை அந்தக் குழந்தை பத்து நிமிடத்தில் செய்திருக்கிறாள். அதற்குத்தான் மூன்று பெருக்கல் குறி. அதற்குத்தான் மணி அடிக்கும் வரை நின்றாள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கிறது.

அந்த லீடரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் கொடுத்த வேலையை அவன் செய்தான். நம் ஊரில் அந்த வேலை எப்படி இருந்து எப்படி ஆகிவிட்டது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார்தான். பிள்ளைகளோ ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை. ஒருவன் மணலில் அரிச்சுவடி எழுதுவான், ஒருவன் எண்சுவடி ஒப்பிப்பான், இன்னொருவன் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். அத்தனை பேரையும் ஒருவர் எப்படிப் பார்ப்பது? அதற்காகத்தான் சட்டாம்பிள்ளை. முன்னால் படித்தவன் பின்னால் வருகிறவனுக்கு முறை சொல்லிக்கொடுப்பான். மேற்பார்வையும் அவன் வேலைதான். ஆனால் அவன் இருந்ததே சொல்லிக்கொடுப்பதற்காக.

சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் எல்லா கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வருகிறது. செஞ்சி அடங்கிய தென்னாற்காடும் அந்தக் கணக்கில் உண்டு. வகுத்துப் பாருங்கள், பள்ளிக்குப் பதினைந்து பேர். ஒரு வாத்தியார், பல நிலையில் பதினைந்து பிள்ளைகள். நம்மில் பலருடைய பள்ளி இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது.

அதற்காகத் திண்ணையைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் பெண் குழந்தைகள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. தீண்டாமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடம் கிடையாது. கோதண்டம் என்று ஒரு தண்டனை இருந்தது. உத்தரத்தில் கயிறு கட்டிப் பிள்ளையைத் தொங்கவிடுவது. அதெல்லாம் போனது நல்லது. ஆனால் போனதோடு சேர்ந்து, பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற ஒரு நல்லதும் போய்விட்டது.

அது கப்பல் ஏறியும் போனது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியை ஏற்று நடத்தினார். ஒருநாள் வழியில் நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யலாம் என்றார். அங்கே இருந்த ஆசிரியர்கள் இது நடக்காது என்றார்கள். அவர் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்துகாட்டினான். அதன் பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பிள்ளையை ஆசிரியராக வைத்தார். இங்கிலாந்து திரும்பி 1797இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் வந்தது. அவர் ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் ஒரு பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். நம் திண்ணையிலிருந்து போன முறை அது.

அங்கே போய் அது என்னவானது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், வரிசை வரிசையாகப் பெஞ்சு, வரிசைக்கொரு மானிட்டர், கட்டளை, மணி. குறைந்த செலவில் நிறையப் பேருக்கு எழுத்து கற்றுத்தரும் தொழிற்சாலை போல ஆயிற்று. அந்த மானிட்டர்தான் பிறகு லீடராக நம் வகுப்புக்குள் வந்து நின்றான். சட்டாம்பிள்ளையிடம் இரண்டு வேலை இருந்தது: சொல்லிக்கொடுப்பது, பார்த்துக்கொள்வது. நாம் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டோம். பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் அது ‘பேச்சு’. போர்டில் பெயர் ஏறும்.

தமிழ்நாட்டில் இதைத் திருப்பிப் போட ஒரு பெரிய முயற்சி நடந்தது. இங்கே இருக்கிற மூத்தவர்கள் அதற்குள் வேலை செய்தவர்கள். செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி பள்ளியில் பத்மநாப ராவ், ரமா தம்பதி ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய பாட அட்டை முறையைப் பார்த்து, எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார். 2007-08இல் ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை மாநிலம் முழுக்க, 37 ஆயிரத்துக்கும் மேலான பள்ளிகளுக்கு வந்துவிட்டது.

அந்த அறையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, ஆளுக்கு ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தது, எழுதியது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படத்தைப் பார்த்துத் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளை தெரிந்துகொண்டு, தட்டில் தன் அட்டையைத் தானே எடுக்கும். ஆசிரியர் உதவிக் குழு, சக மாணவர் உதவிக் குழு, தானே படிக்கும் குழு என்று அட்டையில் இருக்கிற சின்னம் பார்த்து இடம் மாறி உட்காரும். சக மாணவர் உதவிக் குழு என்று அரசாங்கமே ஒரு பாயைப் போட்டுக் கொடுத்தது! அந்தப் பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளை பேசினால் அது படிப்பு என்று முதல்முறையாக நாம் ஒத்துக்கொண்டோம்.

குறைகள் இருந்தன. அட்டைகள் மிக அதிகம். லீவு போட்ட பிள்ளை ஏணியில் பின்தங்கி, தன் வயசுப் பிள்ளைகளை விட்டுத் தனியாகி வாடியதைப் பார்த்திருக்கிறேன். அட்டை எடுத்துக் கொடுப்பதே வேலையாகிப் போன ஆசிரியர்கள், பாடம் நடத்துகிற சந்தோஷம் போய்விட்டது என்றார்கள். அது உண்மையான வருத்தம். முறை மேலிருந்து வந்தது, அதற்கான மனம் கூடவே வர நேரம் கொடுக்கவில்லை. பிறகு எளிமையாக்கினார்கள், மாற்றினார்கள். கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் நம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். அது சரியான வழி. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பள்ளிக்குப் போயிருந்தபோது மூன்றாம் வகுப்புப் பையனிடம் பெயர் கேட்டேன். பெயரைச் சொல்லிவிட்டு, கேட்காமலே “நான் அரும்பு சார்” என்றான். அவன் தமிழில் அரும்பாக இருக்கலாம். கணக்கில், மல்லாட்டை எண்ணுவதில், ஆட்டுக்குட்டி பார்ப்பதில் அவன் யாருக்காவது சொல்லிக்கொடுக்க முடிகிறவனாக இருப்பான். வாரத்தில் ஒரு வேளையாவது அவனை அந்த இடத்தில் உட்காரவையுங்கள்.

சரி, சத்தம் போடுகிற வகுப்பை என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அடிக்கக் கூடாது. 2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதைத் தடுத்துவிட்டார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடம்பைத் தண்டிப்பதோடு மனத்தை வதைப்பதையும் தடுக்கிறது. “பிரம்பை வாங்கிக்கொண்டீர்கள், பதிலுக்கு என்ன கொடுத்தீர்கள்?” என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பாடத் தயாரிப்பில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இதற்கு ஒரு ஆராய்ச்சியும் துணை நிற்கிறது.

அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்று ஒரு உளவியல் பேராசிரியர். அவர் வகுப்பில் ஒரு மாணவன் பின்னால் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துப் படித்தான். கண்டித்தார். கண்டிக்கப்படாத மற்றவர்களும் தலை குனிந்து உறைந்துபோனார்கள். ஒருவரைத் திட்டினால் எல்லோருக்கும் என்ன ஆகிறது என்று ஆராயத் தொடங்கி, வகுப்புகளை வீடியோ எடுத்துப் பார்த்தார். 1970இல் புத்தகமாக வெளியிட்டார். நன்றாக நடக்கும் வகுப்புக்கும் கலைந்துபோகும் வகுப்புக்கும், தப்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் வித்தியாசம் கிடைக்கவில்லை. வித்தியாசம் அதற்கு முன்னாலேயே இருந்தது. அறையில் எங்கே என்ன நடக்கிறது என்று அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு வகுப்பு முட்டாமல் மோதாமல் போயிற்று.

அந்த இடைவெளியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். “நோட்டை எடு” என்று சொல்லி எல்லோரும் எடுத்து முடிக்க ஐந்து நிமிடம். எட்டு பீரியடுக்கு நாற்பது நிமிடம், அதாவது தினமும் ஒரு பீரியட். வகுப்பில் நடக்கிற சண்டை, கிள்ளல், “சார், இவன் என் பென்சில எடுத்துட்டான் சார்” எல்லாம் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்தில்தான் பிறக்கிறது. முதலில் முடித்த பிள்ளை என்ன செய்யும் என்பதை முந்தின நாளே யோசித்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முடித்த பிள்ளைக்கு நான் கண்டுபிடித்த ஒரே நல்ல வேலை, முடிக்காத பிள்ளைக்கு உதவுவது. விடையைச் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம் என்று ஒரு விதி வைத்தேன். அந்தக் குழந்தை நோட்டும் சில்லறையும் வைத்துக் கேட்டதே, அந்த மாதிரி. இதைப் பிள்ளைகளுக்குப் பழக்க எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆயிற்று.

இன்னொன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பு வகுப்பாக டேப்பில் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார். அதற்குள் வேறு பிள்ளையைக் கேட்கிறார், அல்லது தானே சொல்லிவிடுகிறார். மூன்று விநாடி பொறுத்தால் போதும், பதில் நீளமாக வருகிறது, வாயே திறக்காத பிள்ளை பேசுகிறது, பிள்ளைகள் தங்களுக்குள் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பாருங்கள். நமக்கு அது ஒரு யுகம் போல இருக்கும்.

இதையெல்லாம் செய்தும் அடங்காத பிள்ளை இருக்கும். இருக்கத்தான் செய்யும். அப்பா அம்மா செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போய்விட்டதால் பாட்டியிடம் தங்கியிருக்கும் பிள்ளை. ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை. ஏதோ ஒரு பயத்தை யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளை. அவர்களிடம் எல்லார் முன்னாலும் பேசாதீர்கள். சாப்பாட்டு மணிக்குப் பிறகு, மரத்தடியில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்லாது. மூன்றாம் நாள் சொல்லும்.

செஞ்சியில் நின்றுகொண்டு கோட்டையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியுமா? மராத்தியர்களின் 12 கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று நம்முடையது. நம் பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வருகிறார்கள். ஆனால் கோட்டைக்குக் கூட்டிப் போவது என்றால் ஆசிரியருக்குப் பயம். நாற்பது பிள்ளைகள், படிக்கட்டு, குளம், குரங்கு. பயம் சரிதான். அதனால்தான் சுற்றுலாவாகப் போகாதீர்கள், வேலையாகப் போங்கள் என்கிறேன். இரண்டு இரண்டு பேருக்கு ஒரு வேலை, ஒரு அட்டை. பதினைந்து வயதுக்குக் கீழே நுழைவுக் கட்டணம் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு 800 அடி உயர ராஜகிரி வேண்டாம், கீழே கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம் போதும். தின்பண்டம் எதையும் கையில் கொடுக்காதீர்கள், குரங்குப் பிரச்சினை வராது.

ஐந்தாம் வகுப்போடு நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். களஞ்சியத்தின் நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளக்கச் சொன்னேன். ஒரு ஜோடிக்கு வந்த அளவு இன்னொரு ஜோடிக்கு வரவில்லை. ஏன் என்று அவர்களே சண்டை போட்டு, கால் நீளம் வேறு என்று கண்டுபிடித்தார்கள். அளவுகோல் ஏன் வந்தது என்பது அன்றைக்கு அங்கே புரிந்தது. பிறகு இதில் எத்தனை மூட்டை நெல் பிடிக்கும் என்று கேட்டேன். எனக்கும் விடை தெரியாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அப்பாவோடு மூட்டைமேல் உட்கார்ந்து பழகிய ஒரு பையன் எழுந்து, ஒரு மூட்டை படுத்தால் தன் நெஞ்சளவு நீளம் என்று கையை வைத்துக் காட்டினான். படிப்பில் கடைசியில் இருந்த பையன். அன்று முழுக்க எல்லோரும் அவனிடம்தான் கணக்கு கேட்டார்கள். முகலாயப் படை 1690இல் இந்தக் கோட்டையை முற்றுகையிடத் தொடங்கி 1698இல்தான் பிடித்தது என்று சொன்னேன். விட்டு விட்டு நடந்த முற்றுகை என்றாலும் உள்ளே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், தண்ணீர் எங்கே என்று பிள்ளைகளே கேட்டார்கள். மலை உச்சியில் சுனை இருக்கிறது என்றேன். வரலாற்றுப் பாடம் அங்கே தானாகத் தொடங்கியது.

பெரிய பிள்ளைகளுக்குச் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதை. கூத்தில் பார்த்த தேசிங்கு ஒருவர், ஆவணத்தில் இருக்கும் தேஜ்சிங் ஒருவர். பட்டத்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகாமல் 1714இல் ஆற்காட்டு நவாப் படையோடு போரிட்டு இறந்த இளைஞர். இரண்டு பேரையும் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுங்கள். எது நடந்தது, எதை மக்கள் ஆசையாகச் சேர்த்தார்கள், ஏன் சேர்த்தார்கள் என்று பேசவிடுங்கள். எட்டாம் வகுப்பு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள், அது அடக்க வேண்டிய சத்தமா என்று.

அந்த நான்காம் வகுப்புப் பெண் சம்பவத்துக்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். லீடரைக் கூப்பிட்டு, இனி ‘பேசியவர்கள்’ வேண்டாம், யார் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தார் என்று எழுது என்றேன். முதல் வாரம் அவன் சாக்பீஸை வைத்துக்கொண்டு திணறினான். யார் சும்மா பேசுகிறார்கள், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் போய்க் கேட்காமல் அவனால் எழுத முடியவில்லை. கேட்கப் போன இடத்தில் அவனும் உட்கார்ந்துவிட்டான். போர்டின் அந்த ஓரம் பல நாள் காலியாகவே இருந்தது.

இவ்வளவு நேரம் நான் மட்டுமே பேசிவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு டீச்சர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மைக்கைக் கொஞ்சம் அங்கே கொடுங்கள். சொல்லுங்கம்மா.